விமான நிலையப் பாதுகாப்புப் பணிக்கு உலக நடப்பைப் படிக்கும் முறை

பட்டப்படிப்பை முடித்து விமான நிலையத்தில் வேலை தேடும் இளைஞர்களில் பெரும்பாலானோர் விமானப் பணிப்பெண், பயணியர் சேவை, டிக்கெட் கவுன்டர் ஆகியவற்றைத்தான் முதலில் நினைக்கிறார்கள். ஏவ்செக் என்று துறைக்குள் அழைக்கப்படும் பாதுகாப்புப் பிரிவைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கேட்பவர்களுக்கும் உலக அரசியலைப் பற்றித் திடமான கருத்துகள் இருக்குமே தவிர, அந்த அரசியல் ஒரு செக்-இன் கவுன்டரில் எந்த விதியாக வந்து நிற்கிறது என்ற அறிவு பெரும்பாலும் இருக்காது. இந்த வேலைக்கு முதலில் வேண்டியது அந்த அறிவுதான் என்பது என் உறுதியான எண்ணம். அதைப் பெறும் வழியையும், பிறகு எந்த வாசல் வழியாகத் துறைக்குள் நுழையலாம் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

ஒரு விதியை எடுத்துக்கொண்டு, அது பிறந்த நிகழ்வைத் தேடிப் படிப்பதிலிருந்து தொடங்குங்கள். பெட்டியை ஒப்படைத்த பயணி விமானத்தில் ஏறாவிட்டால் அவருடைய பெட்டியை இறக்கிய பிறகே விமானம் புறப்படும் என்ற விதியை எடுத்துக்கொள்வோம். 1985 ஜூன் 22 அன்று கனடாவின் வான்கூவர் நிலையத்தில் ஒரு பயணி டொரண்டோ வழியாக டெல்லி செல்வதாகச் சொல்லிப் பெட்டியை ஒப்படைக்க வந்தார். டொரண்டோவிலிருந்து அவருக்கு இருக்கை உறுதியாகவில்லை, காத்திருப்புப் பட்டியலில்தான் இருந்தார். பெட்டியை நேரே டெல்லிக்கு அனுப்ப இயலாது என்று ஊழியர் முதலில் மறுத்தார். பின்னால் வரிசை நீண்டிருக்க, பயணி விடாமல் வாதிட்டதால் ஊழியர் கடைசியில் இணங்கினார். அந்தப் பயணியோ எந்த விமானத்திலும் ஏறவில்லை. டொரண்டோவில் பெட்டிகளைச் சோதித்த எக்ஸ்ரே இயந்திரம் அன்று பழுதாகிவிட, மீதிப் பெட்டிகளைக் கையடக்கக் கருவியால் பார்த்து அனுப்பினார்கள். மறுநாள் அந்தப் பெட்டியில் இருந்த குண்டு வெடித்து, ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்துக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலின் மேல் சிதறியதில் 329 பேர் மாண்டனர். அதே சதியில் வான்கூவரிலிருந்து அனுப்பப்பட்ட இன்னொரு பெட்டி ஜப்பானின் நரிட்டா நிலையத்தில் வெடித்து, பெட்டி ஏற்றும் தொழிலாளர் இருவரின் உயிரைப் பறித்தது.

இந்தச் சம்பவத்தை இவ்வளவு நுணுக்கமாகப் படிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பஞ்சாப் அரசியல், கனடாவின் உளவுத்துறை, இந்திய அரசின் எச்சரிக்கைகள் என்று எத்தனையோ பெரிய விஷயங்கள் இதற்குப் பின்னால் இருந்தாலும், விபரீதம் உள்ளே நுழைந்த வழி ஒரு கவுன்டர்தான். வரிசையின் அவசரத்தில் அங்கே ஒரு விதி தளர்த்தப்பட்டது. அப்படி ஒரு கவுன்டரில் நாளை நீங்கள் நிற்கலாம்.

நமக்கு இன்னும் அருகிலும் ஒரு நிகழ்வு உண்டு. கொழும்பு செல்லும் ஏர் லங்கா விமானத்துக்கெனக் கொண்டுவரப்பட்ட பெட்டிகளில் இருந்த குண்டு, 1984 ஆகஸ்டு 2 இரவு சென்னை மீனம்பாக்கம் நிலையத்திலேயே வெடித்துச் சுமார் 30 பேர் இறந்தனர். சென்னையில் வேலை தேடும் எவரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மற்ற விதிகளையும் இதே முறையில் படித்துப் பாருங்கள். 1976 செப்டம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டதைத் தொடர்ந்து அமைந்த பாண்டே குழுவின் பரிந்துரைப்படி 1978-இல் பிசிஏஎஸ் எனப்படும் சிவில் விமானப் பாதுகாப்பு அமைப்பு உருவானது. கனிஷ்காவுக்குப் பிறகு, 1987-இல், அது தனித் துறையாயிற்று. 1999 டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஐசி 814 ஆப்கானிஸ்தானின் கந்தகாருக்குக் கடத்தப்பட்ட பிறகு, நிலையங்களின் பாதுகாப்பு மாநிலக் காவல்துறையிடமிருந்து மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக்கு, அதாவது சிஐஎஸ்எஃபுக்கு, மாறத் தொடங்கியது. 2000-இல் ஜெய்ப்பூர் முதலாவதாக மாறியது. 2006 ஆகஸ்டில் பிரிட்டனில் முறியடிக்கப்பட்ட திரவ வெடிகுண்டுச் சதியிலிருந்து 100 மில்லிலிட்டர் வரம்பு வந்தது. விதிகள் போவதும் உண்டு: 2001 டிசம்பரில் ஒருவர் காலணியில் வெடிமருந்துடன் பயணம் செய்ததன் தொடர்ச்சியாக வந்த, காலணியைக் கழற்றிச் சோதிக்கும் வழக்கத்தை அமெரிக்கா 2025 ஜூலையில் கைவிட்டது. ஒரு விதி ஏன் வந்தது என்று தெரிந்தவரால்தான், எரிச்சலுடன் கேள்வி கேட்கும் பயணிக்குக் குரலை உயர்த்தாமல் பதில் சொல்ல முடியும்.

அன்றாடச் செய்தியைப் படிக்கும்போது எந்த நாட்டின் பக்கம் நியாயம் என்ற விவாதத்தைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, ஆபத்து எந்த வழியாக வந்தது, அதை முன்கூட்டியே அறிந்திருக்கக்கூடியவர் யார், அதன் பின் என்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள். 2016 பிப்ரவரியில் சோமாலியாவின் மொகடிஷுவிலிருந்து கிளம்பிய டால்லோ ஏர்லைன்ஸ் விமானத்தில் வெடித்த மடிக்கணினிக் குண்டு, நிலைய ஊழியர் ஒருவரின் கை வழியாகப் பயணியிடம் சென்றதைக் கண்காணிப்புக் கேமரா காட்டியது. ஊழியர்களையும் ஏன் ஒவ்வொரு முறையும் சோதிக்கிறார்கள் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைன் மேல் ஏவுகணையால் வீழ்த்தப்பட்ட மலேசிய விமானம் எம்எச் 17, 33,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. உக்ரைன் மூடி வைத்திருந்ததோ 32,000 அடி வரைதான். சட்டப்படி திறந்திருந்த அந்த வான்வழியில் 298 பேர் இறந்தனர். போர்ப் பகுதிகளின் ஆபத்தை மதிப்பிட்டு வழித்தடம் குறித்து ஆலோசனை சொல்வோரை விமான நிறுவனங்கள் இன்று தேடுகின்றன என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம். உலக அரசியலில் உண்மையான ஆர்வமும் பொறுமையும் உள்ளவர்கள், சில ஆண்டுகள் களப்பணிக்குப் பிறகு, இந்தப் பிரிவை இலக்காக வைத்துக்கொள்ளலாம்.

சொந்த அரசியல் கருத்தைப் பணியிடத்துக்கு வெளியே நிறுத்திவிட வேண்டும். ஒருவருடைய கடவுச்சீட்டின் நிறமோ பெயரோ ஆடையோ சோதனையின் அளவைத் தீர்மானிக்கக் கூடாது. அது அந்தப் பயணிக்குச் செய்யும் அநீதி. கூடவே, சந்தேகம் ஒரு பக்கமே திரும்பியிருந்தால் மறுபக்கம் வருவது கண்ணில் படாது. இதை ஏற்க இயலாதவர் வேறு துறையைத் தேடிக்கொள்வதே எல்லோருக்கும் நல்லது.

அடுத்து, உங்கள் உடலும் மனமும் இதற்கு ஒத்துவருமா என்று பாருங்கள். எக்ஸ்ரே முன் அமரும் ஸ்க்ரீனரின் திரையில் உணவு, துணி, காகிதம், வெடிமருந்து போன்ற கரிமப் பொருள்கள் ஆரஞ்சு நிறத்திலும், உலோகங்கள் நீலத்திலும், இடைப்பட்டவை பச்சையிலும் தெரியும். ஒரு கட்டி மைசூர்பாகும் அதே ஆரஞ்சுதான். ஆகவே நிறத்தோடு வடிவம், அடர்த்தி, அருகில் ஓடும் ஒயர், பேட்டரி ஆகியவற்றையும் சேர்த்துச் சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டும். இல்லாத துப்பாக்கியின் படத்தைப் பயணியின் பைக்குள் இருப்பதுபோல் இயந்திரமே அவ்வப்போது காட்டி, நீங்கள் கவனிக்கிறீர்களா என்று பதிவு செய்யும். கண் சோர்ந்தால் கவனம் சிதறும் என்பதால் ஒருவரைத் தொடர்ந்து சுமார் 20 நிமிடத்துக்கு மேல் திரை முன் வைப்பதில்லை. நிறங்களைப் பிரித்தறியும் பார்வை குறைவாக உள்ளவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே கண் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

வாசல்களைப் பொறுத்தவரை, பயணியையும் கைப்பையையும் சோதிக்கும் சீருடைப் பணி பெரிய நிலையங்களில் பெரும்பாலும் சிஐஎஸ்எஃபிடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு எஸ்எஸ்சி எனப்படும் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் காவலர் தேர்வு உண்டு. 2024 முதல் அதைத் தமிழிலும் எழுதலாம். பட்டதாரிகளுக்கு உதவி ஆய்வாளர் தேர்வும், அதற்கு மேல் யுபிஎஸ்சி நடத்தும் உதவி கமாண்டன்ட் தேர்வும் இருக்கின்றன. ஆனால் சிஐஎஸ்எஃபில் சேர்ந்தாலே விமான நிலையம் கிடைத்துவிடாது. உருக்காலை, துறைமுகம், அணுமின் நிலையம், டெல்லி மெட்ரோ என எங்கும் அனுப்பலாம். இதைத் தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள்.

இரண்டாவது வாசல் விமான நிறுவனங்களின் சொந்தப் பாதுகாப்புப் பிரிவு. விமானத்தின் ஏணிப்படி அருகே நடக்கும் இரண்டாம் சோதனை, பயணிகள் ஏறும் முன் விமானத்தின் உள்ளே தேடுவது, உணவு வண்டியையும் சரக்கையும் சரிபார்ப்பது ஆகியவை இவர்கள் பொறுப்பு. தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது, சுழற்சிப் பணி உண்டு, விமானங்கள் நிற்கும் தளத்தின் வெயிலும் உண்டு. காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்து நிலைய நுழைவு அட்டை கிடைக்காமல் உள்ளே கால் வைக்க முடியாது என்பதால், முகவரிச் சான்றுகளையும் பழைய வேலைச் சான்றுகளையும் முரணில்லாமல் வைத்திருங்கள். உங்கள் மேல் வழக்கு ஏதும் நிலுவையில் இருந்தால் அதை மறைக்க வேண்டாம்.

பல லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு 'ஏவியேஷன் டிப்ளமா' தரும் பயிற்சி மையங்கள் நம் ஊர்களில் நிறைய முளைத்துவிட்டன. எளிய குடும்பத்துப் பிள்ளைகள் கடன் வாங்கி அங்கே சேர்வது என்னை மிகவும் வருத்துகிறது. ஸ்க்ரீனராகச் செயல்படத் தேவையான ஏவ்செக் அடிப்படைப் பயிற்சியும் சான்றும் பிசிஏஎஸ் வரையறைப்படி நடப்பவை; பொதுவாக வேலைக்கு எடுத்த நிறுவனமே தன் ஊழியரை அதற்கு அனுப்புகிறது. எந்த மையம் 'நூறு சதவீத வேலை' என்று சொன்னாலும், தரப்போகும் சான்று பிசிஏஎஸ் ஏற்பதா என்று எழுத்தில் கேளுங்கள். தயங்கினால் பணம் கட்டாதீர்கள்.

நேர்காணலில் 'ஏன் இந்தத் துறை' என்ற கேள்விக்கு நாட்டுப்பற்றைப் பற்றிய பொதுவான வாக்கியங்களை விட, நீங்கள் ஆராய்ந்து படித்த ஒரு நிகழ்வையும் அதில் எந்தப் படியில் தவறு நடந்தது என்பதையும் சொல்வது மேல். வேலை உத்தரவு கைக்கு வந்ததும் இரவுப் பணிக்கு வண்டி வசதி உண்டா, பயிற்சிக்குப் பின் எத்தனை ஆண்டு ஒப்பந்தம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள்.