விசுவாசத்துக்கு மார்க் போடலாமா? ரசிகர் படைப்புப் போட்டியில் அணிக்கணக்கு பார்க்கிறவர்கள் செய்யும் தவறுகள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாமாக் கடை. மேசையில் லேப்டாப், நான்கு தே தாரிக், ஆறிப்போன ரொட்டி சானாய். அக்டோபர் முழுக்க நடந்த எங்கள் போட்டி அன்றுதான் முடிந்திருந்தது. திரையிசை ரசிகர்கள் ராஜா அணி, ரகுமான் அணி என்று பிரிந்து, பிடித்த பாட்டுக்கு ஓவியமோ குட்டிக்கதையோ போட வேண்டும். கணக்கு என் பொறுப்பு. எக்செல் தாளின் கடைசியில் ‘விசுவாசம், பத்துக்கு எவ்வளவு’ என்று நானாகவே ஒரு நெடுவரிசை சேர்த்திருந்தேன். மாதம் முழுக்க ஒரே ஒரு படம் போட்ட பெண்ணுக்கு அதில் 2. அணித்தலைவர் எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, நம்ம அணிக் கதை எல்லாத்துக்கும் பிழை திருத்தினது இந்தப் பொண்ணுதான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அனுப்பினாலும் விடியறதுக்குள்ள திரும்பி வந்துடும். இதுக்கு ரெண்டு மார்க்கா?”

எனக்குப் பேச்சு வரவில்லை. படிவத்தில் பெயரோடு வருவதை மட்டுமே நான் எண்ணியிருந்தேன். பிழை பார்த்தவர், ஓவியருக்கு யோசனை சொன்னவர், எதிரணிப் படத்துக்கும் நாலு வரி பாராட்டு எழுதியவர் எல்லாரும் என் தாளில் பூஜ்யம். இதைச் சரிசெய்வது சுலபம். படைப்பு அனுப்பும் படிவத்திலேயே ‘இதற்கு யார் உதவினார்கள்?’ என்று ஒரு கேள்வி சேர்த்தால் போதும். ஆனால் போட்டி தொடங்கும் முன்பே சேர்க்க வேண்டும். முடிந்தபின் கேட்டால் ஆளாளுக்கு ஞாபகம் மாறும்.

அடுத்தது சராசரி. எட்டுப் பேர் அணியில் ஒருவர் 31 படங்கள், இருவர் தலா 4, மீதி ஐந்து பேர் தலா 1 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 44, சராசரி ஐந்தரை. ‘ஆளுக்கு ஐந்து படம், துடிப்பான அணி’ என்று அறிவித்துவிடுவோம். எட்டுப் பேரையும் வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால் அவர் போட்டது ஒன்றுதான். அந்த 31 படக்காரருக்குக் காய்ச்சல் வந்தால் அணியே படுத்துவிடும்.

எதால் வகுக்கிறோம் என்பதிலும் வழுக்கல் உண்டு. 25 பேர் பெயர் கொடுத்து, 15 பேர் தொடங்கி, 9 பேர் கடைசிவரை வந்தார்கள் என்றால், முடித்தவர்கள் 36 சதவீதமா, 60 சதவீதமா? இரண்டும் சரிதான். நம் அணிக்கு ஒன்றும் எதிரணிக்கு இன்னொன்றும் போடுவதுதான் தவறு. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனால் கை தானாக அந்தப் பக்கம் போகும்.

சில்லறைத் தவறுகள் இரண்டை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆள் முதல் வாரம் தமிழில் பெயர் எழுதுவார், அடுத்த வாரம் ரோமன் எழுத்தில், மூன்றாம் வாரம் செல்லப்பெயரில். எக்செலுக்கு அவர் மூன்று பேர், அதில் இரண்டு பேர் ‘பாதியில் ஓடிப்போனவர்கள்’. ஆளுக்கு ஒரு எண் கொடுத்துவிடுங்கள். அப்புறம் நேரம்: நம் நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னே. சென்னை நண்பர் அங்கே இரவு பத்து மணிக்கு அனுப்பினால் கோலாலம்பூரில் மறுநாள் பிறந்து அரைமணி ஆகியிருக்கும். கெடு எந்த ஊர் நேரப்படி என்று எழுதி வைக்காமல் ‘தாமதம்’ என்று சிவப்பு அடித்தால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

நாள்காட்டியை மறப்பது இதைவிடப் பெரிய தவறு. 2009இல் ஜேக் பார்க்கர் என்ற ஓவியர் தொடங்கிய இங்க்டோபர், அக்டோபரின் 31 நாளும் நாளுக்கு ஒரு மை ஓவியம் என்ற சவால். அதைப் பார்த்து நம்மவர்களும் அக்டோபரையே பிடித்துக்கொள்கிறோம். 2024இல் தீபாவளி அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. முறுக்கு சுடும் வாரத்தில் யார் படம் வரைவது? முதல் ஆண்டு அந்தச் சரிவு கடைசி வாரத்தில் விழும், ‘களைத்துப்போய் கைவிட்டார்கள்’ என்று தோன்றும். அடுத்த ஆண்டு அதே சரிவு நடுவில் விழுந்து, பிறகு எண்ணிக்கை ஏறும், ‘விழுந்து எழுந்த அணி’ என்று கைதட்டுவோம். இரண்டுக்கும் காரணம் முறுக்குதான். தை மாதத்தில் நடத்தினாலும் தப்ப முடியாது. தைப்பூசத்துக்கு நாங்கள் பத்துமலைக்கும் பினாங்கு நண்பர்கள் தண்ணீர்மலைக்கும் போய்விடுவோம்.

இனி விசுவாசம். அதிகம் உளறுவது இங்கேதான்.

அணியைத் தானே தேர்ந்தவரும், ‘எதுவானாலும் சரி’ என்று சொல்லி ஆள் குறைந்த அணியில் போடப்பட்டவரும் ஒன்றில்லை. இருவரும் மூன்றாம் வாரம் காணாமல் போனால் முதலாமவரிடம் ஏதோ உடைந்திருக்கிறது, இரண்டாமவருக்கு ஒட்டுதலே வந்திருக்காது. இருவரையும் ஒரே பட்டியலில் கூட்டினால் இரண்டு காரணமும் மறைந்துபோகும்.

நண்பர் கூட்டம் இன்னொரு கண்ணி. எங்களிடம் ஒரே வாரத்தில் ஐந்து பேர் விலகினார்கள். அணிக்குள் நெருக்கடி என்று பயந்து கூட்டம் எல்லாம் போட்டோம். கடைசியில் தெரிந்தது, ஐவரும் கிள்ளானிலிருந்து ஒரே காரில் நம் சந்திப்புக்கு வருபவர்கள். கார் வைத்திருந்தவருக்கு வேலை ஷிஃப்ட் மாறிவிட்டது. தாளில் ஐந்து விலகல், உண்மையில் விலகியது ஒரு கார்.

எதிரணிப் பாட்டுக்கு வரைந்தவரைத் துரோகி ஆக்குவதும் நடந்தது. ராஜா அணிப் பையன் ஒருவன் ரகுமான் மெட்டுக்கு அழகான மழைக்காட்சி வரைந்துவிட்டான். எனக்கு அந்தப் படத்தில் குடையின் கீழ் நின்ற நாய்க்குட்டி இன்னும் கண்ணில் நிற்கிறது. குழுவில் ஒரே ரகளை. ரகுமானே ஒரு காலத்தில் ராஜாவின் இசைக்குழுவில் கீபோர்டு வாசித்தவர்தானே! ஒரு கலைஞர் மீதுள்ள பிரியமும் அணி மீதுள்ள பிடிப்பும் வேறுவேறு அளவுகள். பிடிப்பைப் பார்க்க வேண்டுமானால் அணி பின்தங்கிய வாரங்களில் யார் வந்தார்கள் என்று பாருங்கள். முன்னணியில் இருக்கும்போது எல்லாரும்தான் வருவார்கள்.

இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதிய 90-9-1 கணக்கை (நூறில் 90 பேர் சும்மா பார்ப்பார்கள், 9 பேர் எப்போதாவது பங்களிப்பார்கள், ஒருவர்தான் நிறையப் பங்களிப்பார்) கொண்டுவந்து ‘பத்தில் ஒன்பது பேர் சும்மா பார்ப்பது இயல்புதானே’ என்று ஆறுதல் தேடுகிறவர்களும் உண்டு. அது யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கும் இணையக் குழுக்களைப் பற்றியது. இங்கே இருப்பவர்கள் பெயர் கொடுத்து வந்தவர்கள். இவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பேசாமல் இருந்தால் எங்கோ கோளாறு.

விலகியவர்களையும் கேட்காமல் விடாதீர்கள். இப்போது நான் ஒரு வாரத்துக்குள் புலனத்தில் (வாட்ஸ்அப்) தனியாக ஒரு கேள்வி அனுப்புகிறேன்: ‘என்னம்மா, என்னப்பா, ஏன் வரலை?’ பரீட்சை, ஓவர்டைம், கைப்பேசி உடைந்தது என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ஒரே ஒருமுறை, “நான் போட்ட படத்துக்கு நம்ம அணியிலயே சிரிப்புப் பொம்மை போட்டாங்கண்ணே” என்று வந்தது. தேடிப் பார்த்தேன். அந்தப் பொம்மையைப் போட்டவர்களில் நானும் ஒருவன்.