சுரபுன்னைக் காட்டின் முன் பறக்கும் வெள்ளைக் கொக்கு: இறகு வெளுக்காமல் எடுப்பது

பிச்சாவரத்தில் கரும்பச்சை சுரபுன்னைக்கு முன்னால் கொக்கு பறந்தால், கேமரா ஏமாந்துவிடும். சட்டகத்தில் பெரும்பகுதி இருட்டு என்பதால் வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கு வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். வெளுத்த இறகை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. காடு கருத்துப் போனால் போகட்டும், அதுதான் படத்துக்கு அழகு.

எல்லா அளவையும் நீங்களே வைக்கும் மேனுவல் மோடுக்கு மாறுங்கள். ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) கேமராவே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைக்க மறந்தால் மேனுவலும் வீண், பலர் சறுக்குவது இங்கேதான். நல்ல வெயிலில் ஷட்டர் வேகம் 1/3200 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 8, ஐஎஸ்ஓ 400 என்று தொடங்கி, அதே வெயிலில் உட்கார்ந்திருக்கும் கொக்கை முதலில் எடுத்துப் பாருங்கள். ஹைலைட் எச்சரிக்கை (வெளுத்த இடத்தைத் திரையில் மினுக்கிக் காட்டும் வசதி) இறகில் மினுக்கினால், வெளிச்சத்தை மூன்றில் ஒரு ஸ்டாப் வீதம் குறையுங்கள்; ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும். மினுக்கல் நின்றதும் அளவை அப்படியே விட்டுவிடுங்கள். பறவை மரத்தைத் தாண்டி வானத்துக்கு ஏறினாலும் மாற்ற வேண்டாம். அதன்மேல் விழும் வெயில் மாறவில்லையே. மேகம் மறைத்தால் மட்டும் மறுபடி பாருங்கள்.

திறப்பை நீங்கள் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா வைக்கும் அப்பர்ச்சர் மோடை விட மனமில்லையா? மைனஸ் 1 முதல் மைனஸ் 1.7 ஸ்டாப் வரை வெளிச்ச ஈடு (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) கொடுங்கள். ஆனால் பின்னணி மாறும்போதெல்லாம் கொடுக்க வேண்டிய ஈட்டின் அளவும் மாறும்.

நகரும் பறவையைத் தொடர்ந்து பின்பற்றும்படி ஃபோகஸைத் தொடர் முறையில் வைத்து, ரா கோப்பாகவே (கேமரா சுருக்காத மூலப் பதிவு) எடுங்கள். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும்.