மார்வெல் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

முதன்முறை பார்ப்பவரா? யோசிக்கவே வேண்டாம், வெளியான வரிசைதான். 2008இல் வந்த ‘அயர்ன் மேன்’ தொடங்கி 2019இல் வந்த ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ வரை அப்படியே செல்லுங்கள்.

கதை நடக்கும் கால வரிசையில் பார்க்கலாமே என்று ஆசை வரும். அதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ‘கேப்டன் மார்வெல்’ கதை 1995இல் நடப்பதால் பட்டியலின் தொடக்கத்திலேயே வந்து நிற்கும். ஆனால் அதன் இறுதியில், பெயர்கள் ஓடும்போது இடையில் வரும் துணுக்குக் காட்சியோ 2018இல் வெளியான ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ முடிவுக்குப் பிந்தையது. எத்தனையோ படங்கள் தள்ளி வரவேண்டிய அதிர்ச்சியை அது முன்கூட்டியே போட்டு உடைத்துவிடும். அவெஞ்சர்ஸ் குழுவை ஒன்றுசேர்க்கும் உளவு அமைப்புத் தலைவர் நிக் ஃப்யூரியைச் சுற்றியிருக்கும் மர்மமும் கலைந்துவிடும்.

வேண்டுமானால் ஒரு படத்தை மட்டும் இடம் மாற்றலாம். 2021இல் வெளியான ‘பிளாக் விடோ’, கதைப்படி ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ படத்துக்கு அடுத்தது, அங்கேயே பார்த்துவிடலாம். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள், கடைசித் துணுக்கு ‘எண்ட்கேம்’ பார்த்தவர்களுக்கானது.

நேரம் குறைவென்றால் 2008ஆம் ஆண்டின் ‘தி இன்கிரெடிபிள் ஹல்க்’ படத்தைத் தாராளமாக விட்டுவிடலாம். ஹல்க்காக நடித்தவரே பிறகு மாறிவிட்டார்! ‘கேப்டன் அமெரிக்கா: தி வின்டர் சோல்ஜர்’ படத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள்.