பப்மெட்டில் டிக் அடித்தது காணாமல் போகுதா?

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து, ஒரு மதியம் முழுக்க, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் டெங்கு பற்றித் தேடினேன். வேண்டிய கட்டுரைகளின் பக்கத்தில் உள்ள கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டே போனேன். அப்புறம் வேறு சொல்லைப் போட்டுத் தேடியதும் அத்தனை டிக்கும் காலி!

அதனால் புதுத் தேடலுக்குப் போகும் முன், டிக் அடித்தவற்றை 'சென்ட் டு' பொத்தான் வழியாக 'கிளிப்போர்டு'க்கு அனுப்பிவிடுங்கள். பல தேடல்களில் பொறுக்கியவை, மொத்தம் 500 வரை, அங்கே சேரும். ஆனால் 8 மணி நேரம் தொடாமல் விட்டால் அழிந்துவிடும். அந்த பிரவுசரில் மட்டும்தான் இருக்கும். வீட்டுக் கணினியில் தேடினால் கிடைக்காது. பறக்கும் ரயிலைப் பிடிக்க ஓடும் முன் அந்தப் பட்டியலை உங்களுக்கே ஈமெயில் போட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்துக்கு 10 முடிவுதான் காட்டும். அதை 200 ஆக்கலாம், விரல் பிழைக்கும்.