கலிபோர்னியாவில் காப்பீட்டுச் சான்று காட்டாததற்கு டிக்கெட் கிடைத்தால்

கலிபோர்னியாவில் காவலர் காரை நிறுத்தும்போது உரிமம், பதிவுச் சீட்டு, காப்பீட்டுச் சான்று ஆகிய மூன்றையும் கேட்பார். காப்பீட்டு அட்டையைக் கைப்பேசியில் காட்டுவதையும் சட்டம் ஏற்கிறது. அதையும் காட்ட இயலாமல் போனால், வாகனச் சட்டத்தின் 16028ஆம் பிரிவின்கீழ் டிக்கெட், அதாவது விதிமீறல் சீட்டு, எழுதப்படும். அதில் கையெழுத்திடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. குறித்த தேதிக்குள் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்வேன் என்ற உறுதிமொழி மட்டுமே.

புதிதாக வந்தவர்களில் சிலர், வழக்கு என்ற சொல்லுக்கே அஞ்சி, கேட்ட தொகையை உடனே கட்டிவிடுகிறார்கள். காப்பீடு வைத்திருந்தவர்கள் தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். முதல் முறைக்கான அடிப்படை அபராதம் 100 முதல் 200 டாலர்வரைதான் என்றாலும், அதன்மேல் ஏறும் கூடுதல் கட்டணங்களால் அது பல மடங்காகிவிடும். டிக்கெட் எழுதப்பட்ட நேரத்தில் காப்பீடு நடப்பில் இருந்தது என்று எழுத்துச் சான்றுடன் காட்டினாலோ, அக்குற்றச்சாட்டு தள்ளுபடியாகும். நீங்கள் செலுத்த வேண்டியது 25 டாலர் கட்டணமே. அதே டிக்கெட்டில் வேகமாக ஓட்டியது போன்ற வேறு குற்றமும் இருந்தால், அதற்குத் தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

பலர் தடுமாறுவது தேதியில்தான். இங்கே கார் காப்பீடு பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால், இன்று பதிவிறக்கும் அட்டையில் புதுப்பித்த பிறகான தேதிகளே இருக்கக்கூடும். டிக்கெட் வாங்கிய நாளை உள்ளடக்கிய பழைய அட்டையைத்தான் நீங்கள் கேட்டுப் பெற வேண்டும். அடுத்தது பெயர். தந்தை பெயரும் முதலெழுத்தும் உரிமத்தில் ஒரு விதமாகவும் காப்பீட்டில் வேறு விதமாகவும் பதிவாவது நமக்குப் பழகிய சிக்கல். காப்பீடு கணவர் அல்லது மனைவி பெயரில் இருந்தாலும், நண்பரின் காரை ஓட்டியிருந்தாலும், அந்த நாளில் அந்த வாகனத்துக்கும் உங்களுக்கும் காப்பீடு பொருந்தியது என்று நிறுவனத்திடம் கடிதம் வாங்கிச் சேர்ப்பது நல்லது.

சான்றைக் கொண்டுபோக வேண்டிய இடம் டிஎம்வி எனப்படும் மோட்டார் வாகனத் துறையின் அலுவலகம் அன்று. டிக்கெட்டில் குறிப்பிட்டுள்ள மாவட்ட (கவுண்டி) உயர் நீதிமன்றத்தின் (Superior Court) எழுத்தர் அலுவலகம். நேரில் செல்லலாம், அஞ்சலிலும் அனுப்பலாம். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குறித்த தேதியைத் தவறவிடுவது தனிக் குற்றம் என்பதால், நீதிமன்றத்திலிருந்து நினைவூட்டல் கடிதம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

உண்மையிலேயே காப்பீடு இல்லாமல் ஓட்டியிருந்தால் தள்ளுபடி கிடையாது. ஆயினும் உடனே காப்பீடு எடுத்து அதற்கான சான்றைக் காட்டினால், அபராதத்தைக் குறைந்தபட்ச அளவுக்குக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 2025 ஜனவரி 1 முதல் குறைந்தபட்சக் காப்பீட்டு வரம்பு, ஒருவருக்கு ஏற்படும் காயத்துக்கு 30,000 டாலர், ஒரு விபத்தில் பலருக்கு ஏற்படும் காயத்துக்கு 60,000, பொருள் சேதத்துக்கு 15,000 என்று உயர்ந்துள்ளது. எந்த நெருக்கடியிலும் தேதியைத் திருத்திய அட்டையைக் கொடுத்துவிடாதீர்கள். பொய்யெனத் தெரிந்தே சான்று தருவது அபராதமும் சிறையும் விதிக்கத்தக்க குற்றம், ஓட்டுநர் உரிமமும் ஓராண்டுக்கு நிறுத்தப்படும்.