முதல் நெடும்பயணம்: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்?

துவரங்குறிச்சியைத் தாண்டி மேலூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். பிற்பகல் மூன்று மணி இருக்கும். விடியற்காலை நான்கு மணிக்குத் தாம்பரத்தில் பைக்கை எடுத்தவன், திருச்சியில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, 'மதுரைதானே, போய்விடலாம்' என்று ஒரே மூச்சில் வந்துகொண்டிருந்தேன். சாலையோர மண்ணில் முன்சக்கரம் இறங்கிக் கைப்பிடி உதறியபோதுதான் விழித்தேன். கண் மூடியதே எனக்குத் தெரியாது. 80 கி.மீ. வேகத்தில் பைக் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகும். மூன்று நொடி அயர்ந்தால் 65 மீட்டருக்கு மேல் ஓட்டுநர் இல்லாத வண்டி அது. அன்று முன்னால் லாரி எதுவும் இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு பல ஆண்டுகளாக நெடும்பயணம் போகிறேன். புதிதாகக் கிளம்புகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்?' என்பதுதான். நான்கு வழிச்சாலையில், முதல் பயணத்தில், 250 முதல் 300 கி.மீ. வரை என்று சொல்வேன். ஆனால் அது நான் சொல்லும் எண். உங்கள் உடலுக்கென்று ஓர் எண் இருக்கிறது. கிளம்புவதற்கு முன் அதைக் கண்டுபிடித்துவிட வேண்டும். பலரும் முதலில் ஆசைப்படும் சென்னை–கன்னியாகுமரிப் பாதையையே எடுத்துக்கொண்டு அதற்கு வழி சொல்கிறேன்.

படி 1: தூரத்தை மணிக்கணக்காக மாற்றுங்கள்

வரைபடம் பார்த்து '300 கி.மீ., மணிக்கு 80, நான்கு மணி நேரத்தில் போய்விடலாம்' என்று கணக்குப் போடாதீர்கள். ஸ்பீடோமீட்டர் 80 காட்டினாலும் வழியில் ஊர்களைக் கடப்பது, சாலைப்பணி, பெட்ரோல், டீ, சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் சராசரி மணிக்கு 45 முதல் 50 கி.மீ.தான் வரும். தாம்பரத்திலிருந்து திருச்சி சுமார் 300 கி.மீ.; ஆறிலிருந்து ஏழு மணி நேரம். ஓர் அலுவலக நாள் முழுவதும் வெயிலிலும் காற்றிலும் உட்கார்ந்திருப்பதற்குச் சமம்.

மலைப்பாதைக்கு இந்தக் கணக்கும் செல்லாது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 65 கி.மீ.தான், ஆனால் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மலையில் ஒரு கிலோமீட்டரை இரண்டாக எண்ணிக்கொள்ளுங்கள்.

படி 2: மூன்று ஒத்திகை ஓட்டம்

நெடும்பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே இதைத் தொடங்குங்கள். முதல் ஞாயிறு 100 கி.மீ., அடுத்த ஒத்திகையில் 200, அதற்கடுத்து 300. சென்னையில் இருப்பவர்களுக்கு மாமல்லபுரம் போய்த் திரும்பினால் முதல் ஒத்திகை முடிந்துவிடும். திண்டிவனம் வரை போய்த் திரும்பினால் இரண்டாவதும் முடியும்.

போய் வந்ததும் ஒரு சிறிய நோட்டில் மூன்று விஷயங்களை எழுதுங்கள். முதலில் எது வலித்தது, எத்தனையாவது கிலோமீட்டரில் வலித்தது, மறுநாள் காலையில் மறுபடி பைக்கில் ஏற உடல் ஒத்துழைத்ததா. இந்த மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஒரே ஒரு நாள் என்றால் எவரும் பல்லைக் கடித்துக்கொண்டு 500 கி.மீ. ஓட்டிவிடலாம். அதன் வட்டியை இரண்டாம் நாள் கட்ட வேண்டியிருக்கும். மறுநாள் எழுந்து வழக்கம்போல நடமாட முடிந்த தூரம் எதுவோ, அதுவே உங்கள் எண். பயணத்தில் ஒவ்வொரு நாளும் அதற்கு மேல் போகாமல் திட்டமிடுங்கள்.

பின்னால் ஒருவர் அமர்ந்து வருவதாக இருந்தால் ஒத்திகைக்கும் அவரை அழைத்துச் செல்லுங்கள். உங்களுக்கு இருப்பதுபோல முன்னால் கைப்பிடி இல்லை, சாலையின் குழியும் மேடும் முன்கூட்டித் தெரியாது; உங்களைவிட முன்னதாக அவர்தான் களைத்துப்போவார். அவருடைய எண்தான் அந்தப் பயணத்தின் எண்.

ஒரே நாளில் 1,000 மைல், அதாவது 1,609 கி.மீ. ஓட்டிச் சான்றிதழ் பெறும் 'சேடில்சோர்' சவாலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பல ஆண்டு அனுபவமும் தயாரிப்பும் உள்ளவர்களுக்கானது அது. அதைப் பார்த்துவிட்டு உங்கள் 300 கிலோமீட்டரைக் குறைவாக நினைக்காதீர்கள்.

படி 3: முந்தைய இரவு

பயணத்தின் களைப்பு பைக்கில் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வெள்ளிக்கிழமை வேலை முடித்து, பத்து மணிக்குப் பையைக் கட்டி, இரண்டு மணி நேரம் தூங்கி, மூன்று மணிக்குக் கிளம்புவதைப் பலர் சாதனையாகவே சொல்கிறார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் தடுமாற்றத்துக்கு ஒப்பானது என்று 1997இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுவதற்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம். தூக்கமில்லாமல் ஓட்டுபவர் குடிக்காமலேயே அந்த எல்லையைக் கடந்துவிடுகிறார்.

ஆகவே பையை இரண்டு நாள் முன்பே கட்டிவிடுங்கள். ஏழு மணி நேரம் தூங்குங்கள். வானம் வெளுக்கும் நேரத்தில், ஐந்தரை மணி வாக்கில் கிளம்பினால் போதும். இன்னொன்று: சளி, தும்மலுக்குப் போடும் மாத்திரைகளில் பல தூக்கத்தை வரவழைக்கும். அப்படி ஏதாவது சாப்பிடுவதாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வேண்டுமானால் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள்.

படி 4: களைப்பைச் சேர்க்கும் சின்ன விஷயங்கள்

முதுகுப்பையை மாட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். ஐந்து கிலோ பை மூன்றாவது மணி நேரத்தில் தோள்பட்டையை இறுக்கிவிடும். பின் சீட்டில் வைத்து வலுவாகக் கட்டுங்கள். கயிற்றின் நுனி சக்கரத்தில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தடித்த தையல் உள்ள ஜீன்ஸ் இருக்கை படும் இடத்தில் உறுத்தும்.

கைப்பிடியை இறுகப் பற்றுவதுதான் புதியவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு. முழங்கால்களால் டேங்கை லேசாக அணைத்துப் பிடித்தால் உடலின் பாரம் காலுக்கும் இடுப்புக்கும் போய்விடும், கைகள் தளர்ந்திருக்கும். சுண்டுவிரல் மரத்துப்போகிறது என்றால் பிடி இறுகிவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள்.

காற்றின் இரைச்சலைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும். ஐந்தாறு மணி நேரம் அதைக் கேட்டுக்கொண்டே வந்தால், இறங்கிய பிறகும் தலை கிறுகிறுக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான் போதும். ஹாரன் சத்தம் கேட்கும், இரைச்சல் மட்டும் தணியும். முதன்முதலில் அதை அணிந்து ஓட்டிய நாளில், பாதிக் களைப்பு காது வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது என்று புரிந்தது.

டயர் காற்றைக் காலையில், டயர் சூடேறும் முன் பாருங்கள். சுமை இருந்தால் பின் டயருக்கு எவ்வளவு என்று வண்டியின் கையேட்டில் இருக்கும்.

படி 5: களைப்பு வரும் முன்பே நில்லுங்கள்

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம். 'இன்னும் களைப்பே இல்லையே' என்று தோன்றும்போதும் நிற்க வேண்டும். களைத்த பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்தால் போன தெம்பு திரும்பி வராது. களைக்கும் முன் உட்கார்ந்தால் தெம்பு போகாமல் இருக்கும்.

திருச்சிப் பாதையில் என் நிறுத்தங்கள் இவை: மேல்மருவத்தூரில் டீ. விக்கிரவாண்டியில் இட்லி. உளுந்தூர்பேட்டையில் பெட்ரோல். அதற்கும் பெரம்பலூருக்கும் நடுவில் நிழலுள்ள ஓர் இடத்தில் பத்து நிமிடம். பெரம்பலூரில் மோர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஹெல்மெட்டைக் கழற்றுங்கள், நூறு அடியாவது நடங்கள், ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். ஓடும் பைக்கில் வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் உடல் வற்றுவது தெரியாது. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை.

கோடையில் காற்றின் வெப்பம் உடலின் வெப்பத்தைத் தாண்டிவிட்டால், முகத்தில் அடிக்கும் காற்று குளிர்விக்காது, சூடேற்றும். ஏப்ரல், மே மாதங்களில் பதினொன்றரை மணிக்குள் அன்றைய தூரத்தில் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள்.

மதிய உணவு பாதி வயிறுதான். முழுச் சாப்பாடு, பரோட்டா, பிரியாணி எல்லாம் அறை எடுத்த பிறகு இரவில் நிதானமாகச் சாப்பிடலாம்.

படி 6: அறிகுறிக்கு முன்பே விதி எழுதுங்கள்

களைத்த மூளைக்குத் தான் களைத்திருப்பது தெரியாது. அந்த நேரத்தில் முடிவெடுக்கும் பொறுப்பை அதனிடம் விடக்கூடாது. அதனால் வீட்டிலேயே விதியை எழுதி, டேங்க் பையிலோ கைபேசியிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டாவி ஓர் அறிகுறிதான், ஆனால் முதலில் வருவது அது அல்ல. கடந்த ஐந்து கிலோமீட்டரில் எதைப் பார்த்தோம் என்று நினைவில்லாமல் போவது, இண்டிகேட்டரை அணைக்க மறப்பது, காரணமின்றி வேகம் ஏறி இறங்குவது, முந்திப் போகும் எல்லார் மீதும் எரிச்சல் வருவது: இவையெல்லாம் கொட்டாவிக்கு முன்பே வந்துவிடும்.

என் விதி இதுதான். ஓர் அறிகுறி தெரிந்தால், அடுத்து வரும் பெட்ரோல் பங்க்கிலோ கடையிலோ நிற்பேன். இரண்டு தெரிந்தால் ஒரு காபி குடித்துவிட்டு, இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் படுப்பேன். காபி வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய இருபது, முப்பது நிமிடம் ஆகும். எழும்போது தூக்கமும் காபியும் சேர்ந்து கைகொடுக்கும். எழுந்து ஓட்டியும் மறுபடி கண் சொக்கினால், எந்த ஊராக இருந்தாலும் அங்கே அறை எடுத்துவிடுவேன். முன்பதிவு செய்த பணம் போனால் போகட்டும். முகம் கழுவுவது, பாட்டுப் பாடுவது, கன்னத்தில் தட்டிக்கொள்வது எல்லாம் சில நிமிடங்களுக்கு ஏமாற்றும், அவ்வளவுதான். தூக்கத்துக்குத் தூக்கமே மருந்து.

பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை உடலே சோர்ந்து இறங்கும் நேரம். துவரங்குறிச்சியில் நான் மாட்டிக்கொண்டதும் அந்த நேரத்தில்தான். முடிந்தால் அதற்கு முன் அன்றைய ஓட்டத்தை முடித்துவிடுங்கள். இருட்டிய பிறகு புதியவர்கள் நெடுஞ்சாலையில் இருக்கவே வேண்டாம்.

படி 7: கன்னியாகுமரிக்கு ஒரு திட்டம்

ஏறத்தாழ 700 கி.மீ. உங்கள் எண் 300 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாள் தாம்பரம்–திருச்சி, சுமார் 300 கி.மீ. ஒரு மணிக்குள் போய்ச் சேருங்கள்.

இரண்டாம் நாள் திருச்சி–மதுரை, சுமார் 140 கி.மீ. மட்டும். 'இவ்வளவுதானா?' என்று நண்பர்கள் கேட்பார்கள். முதல் நாளின் வலி இரண்டாம் நாள்தான் முழுதாகத் தெரியும் என்பதால், இந்த நாளை வேண்டுமென்றே குறைத்திருக்கிறேன். பத்து மணிக்கு மதுரை போய்விடலாம். மதியம் நன்றாகத் தூங்கிவிட்டு, மாலையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடந்தால் காலும் இடுப்பும் நெகிழும்.

மூன்றாம் நாள் மதுரை–கன்னியாகுமரி, சுமார் 245 கி.மீ. நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் காற்றாலைகள் தென்படத் தொடங்கினால் வேகத்தைக் குறையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று உங்கள் வலப்பக்கத்திலிருந்து பைக்கைத் தள்ளும். அதை எதிர்த்துக் கழுத்தும் தோளும் வேலை செய்துகொண்டே இருப்பதால், அங்கே 40 கி.மீ. ஓட்டுவது வேறிடத்தில் 80 ஓட்டுவது போல இருக்கும். திருநெல்வேலியில் நன்றாக இளைப்பாறிவிட்டு அந்தப் பகுதிக்குள் நுழையுங்கள்.

நான்காம் நாள் பைக்கைத் தொடாதீர்கள்.

திரும்பும்போதும் இதே மூன்று நாள்தான். வீடு திரும்பும் ஆசையில் கடைசி இரண்டு நாளை ஒன்றாக்கி, மதுரையிலிருந்து ஒரே ஓட்டமாக வருகிறவர்கள், ஞாயிறு மாலை செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரை ஊர்ந்து நகரும் நெரிசலில் சிக்குகிறார்கள். உடலும் மனமும் மிகக் களைத்திருக்கும் நேரத்தில் கிளட்சும் பிரேக்கும் மாறி மாறிப் பிடிக்க வேண்டிய சாலை அது. திருச்சியில் ஓர் இரவு தங்கி, விடிந்ததும் கிளம்புங்கள். ஒரு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பீர்கள். குளித்துச் சாப்பிட்டுவிட்டு நோட்டை எடுத்து, எது எங்கே வலித்தது என்பதை மறக்கும் முன் எழுதி வையுங்கள்.