ஆங்கிலக் கூட்டுச் சொல்லா? கடைசியிலிருந்து படியுங்கள்

தெரியாத ஆங்கிலக் கூட்டுச் சொல் வந்தால், அகராதியைப் புரட்டுவதற்கு முன் அதன் கடைசிப் பகுதியைப் பாருங்கள். பொருள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்; முன்னால் நிற்பது அது எப்படிப்பட்டது, எதற்கானது என்று மட்டும் சொல்லும். ஹவுஸ்போட் என்றால் வீடாகப் பயன்படும் படகு. திருப்பிப் போட்டு போட்ஹவுஸ் என்றால் படகு நிறுத்தும் கொட்டகை. கைக்கடிகாரம், மரப்பெட்டி என்று தமிழிலும் இதே வரிசைதான், அதனால் நமக்குச் சுலபமாகப் பிடிபடும்.

வினையும் அதன் செயப்படுபொருளும் ஒட்டிய சொற்களுக்கு இது பொருந்தாது. பிக்பாக்கெட் ஒரு பை அல்ல, பையில் கைவைக்கும் ஆள். பிரேக்ஃபாஸ்ட் என்பதும் விரதம் அல்ல, இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்ததை முடித்துவைக்கும் உணவு. அப்புறம், பழைய சொற்களிலும் கவனம் தேவை: கப்போர்டு முதலில் கோப்பைகளை வைக்கும் வெறும் பலகைதான், கதவு போட்ட அலமாரியானது பிற்பாடு.